ஆக்ஸம் 0.8: தமிழ் ஊர்ப்பெயர் 404, தமிழ் ஃபைல் பெயர் 500, கரையிலிருந்து அப்லோடு பாதியில் நிற்பது. எதை பிரேம்வொர்க்குக்கு அனுப்புவது, எதை நம்மிடம் வைத்துக்கொள்வது?

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நாங்கள் சின்னக் குழுவாக மீன் ஏலக் கணக்குக்கு ஒரு வெப் ஆப் நடத்தி வருகிறோம். ரஸ்ட் மொழி, அதற்கான வெப் பிரேம்வொர்க் ஆக்ஸம் 0.8, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். கரையில் ஏலம் முடிந்ததும் ஏலக்காரர் ரசீதைப் போனில் படம் எடுத்து ஏற்றுவார். எந்த வள்ளத்துக்கு எவ்வளவு வர வேண்டும் என்று அந்தந்த ஊர்ப் பக்கத்தில் கணக்கு விழும். பணம் சம்பந்தப்பட்டது, ஒரு வரி தப்பினாலும் கரையில் பிரச்சினை ஆகிவிடும்.

இப்போது மூன்று சிக்கல் சேர்ந்து நிற்கிறது.

முதலாவது, ஊர்ப் பக்கம். தேடல் பெட்டியில் குளச்சல், முட்டம், மணக்குடி, தூத்தூர், இனையம் என்று டைப் செய்தால் திறக்கிறது. கோவளம், கொட்டில்பாடு, நீரோடி என்று டைப் செய்தால் 404 (பக்கம் இல்லை). ஆனால் அதே கோவளத்தைப் பட்டியலில் விரல் வைத்துத் தட்டினால் திறக்கிறது! முகவரிப் பட்டையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

இரண்டாவது, மாதக் கணக்கை டவுன்லோடு செய்யும்போது ஃபைலுக்கு ஊர்ப்பெயரைத் தமிழில் வைத்தால் 500 (சர்வர் எர்ரர்) வருகிறது. ஆங்கில எழுத்தில் வைத்தால் ஒழுங்காக இறங்குகிறது.

மூன்றாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. கரையிலிருந்து படம் ஏற்றினால் சில நேரம் 413 (அளவு அதிகம்), சில நேரம் 408 (நேரம் முடிந்தது). அதைவிட மோசமாக, சில ரசீதுகள் பதிவாகியிருக்கின்றன, ஆனால் வள்ளத்தின் மொத்தத்தில் அந்தத் தொகை சேரவில்லை.

ஆக்ஸமை ஃபோர்க் செய்து (தனிப் பிரதி எடுத்து) மூன்றையும் அங்கேயே சரி செய்து, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பிஆர் (புல் ரிக்வஸ்ட்) அனுப்பலாமா என்று எங்களுக்குள் பேச்சு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

தக்கலை_தம்பி எழுதியது:

அண்ணே, முதல் சிக்கல் யூனிகோடு நார்மலைசேஷன் மாதிரித் தெரிகிறது. அதாவது, பார்க்க ஒன்றாக இருக்கிற எழுத்தை இரண்டு விதக் குறியீட்டில் எழுத முடிவதால் வருவது. நீங்கள் சொன்ன ஊர்களைப் பாருங்கள்: கோவளம், கொட்டில்பாடு, நீரோடி. எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஏறிய உயிர்மெய் இருக்கிறது. திறக்கிற ஊர் ஒன்றிலும் அது இல்லை.

என் கருத்து, ரவுட்டரே (முகவரியைப் பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) வருகிற பாதையை என்எஃப்சி என்கிற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதுவும் டீஃபால்ட்டாக. தமிழ், மலையாளம், வங்காளம் எல்லாருக்கும் இது வரும். ஆப் எழுதுகிற ஒவ்வொருவரும் தனித்தனியாக இதில் முட்டி மோத வேண்டிய அவசியம் என்ன?

நான் ஒரு லேயர் (நடுவில் நின்று ரிக்வஸ்ட்டை மாற்றுகிற மிடில்வேர்) எழுதிப் பார்த்தேன். ரிக்வஸ்ட்டின் முகவரியை எடுத்து, டீகோட் செய்து, என்எஃப்சி ஆக்கி, திரும்ப என்கோட் செய்து உள்ளே வைக்கிறது. லாகில் முகவரி மாறியிருப்பது தெரிகிறது. ஆனால் ஹேண்ட்லருக்குள் (பதில் தருகிற ஃபங்ஷனுக்குள்) பாத் எக்ஸ்ட்ராக்டர், அதாவது முகவரியிலிருந்து பெயரைப் பிரித்தெடுப்பது, தருவது பழைய பைட்டுகள்தான். ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

---

மார்த்தாண்டம்_பின்முனை எழுதியது:

> ஹேண்ட்லருக்குள் பாத் எக்ஸ்ட்ராக்டர் தருவது பழைய பைட்டுகள்தான்.

தம்பி, ரவுட்டர் மேல் லேயர் என்று கூப்பிட்டுச் சேர்க்கிற மிடில்வேர் எல்லாம் ரவுட்டிங் முடிந்த பிறகுதான் ஓடும். எந்த ஹேண்ட்லர், அதில் ஊர்ப்பெயர் எது என்பதெல்லாம் அதற்குள் முடிவாகி ரிக்வஸ்ட்டோடு ஒட்டப்பட்டுவிடும். அப்புறம் முகவரியை மாற்றினாலும் அந்த முடிவு மாறாது. ரவுட்டிங்குக்கு முன்னால் மாற்ற வேண்டுமென்றால் முழு ரவுட்டரையும் வெளியிலிருந்து அந்த லேயரால் போர்த்தி, அந்தப் போர்த்திய சர்வீஸைத்தான் சர்வருக்குக் கொடுக்க வேண்டும். ஆக்ஸம் ஆவணத்தின் மிடில்வேர் பக்கத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. டவர்-ஹெச்டிடிபி என்ற மிடில்வேர் தொகுப்பில் கடைசிச் சாய்கோட்டை நீக்குகிற லேயர் இருக்கிறதே, அதைச் சேர்ப்பவர்களும் இதே இடத்தில்தான் முட்டுவார்கள்.

ஆனால் டீஃபால்ட்டாக ஆக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

வடசேரி ரசீதுப் படங்களை டிஸ்க்கில்தானே வைத்திருப்பார், சர்வ்டிர் (ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை அப்படியே தருகிற சர்வீஸ்) வழியாகக் கொடுப்பார். லினக்ஸில் ஃபைல் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பிரிந்த வடிவத்தில் பெயர் வைத்த ஃபைல் ஒன்று கிடக்கிறது, பிரேம்வொர்க் வருகிற பாதையைச் சேர்த்து என்எஃப்சி ஆக்கிவிடுகிறது என்றால், அந்த ஃபைலை உலகத்தில் யாராலும் திறக்க முடியாது. ஒரு 404-ஐத் தீர்க்கப் போய் வேறு இடத்தில் புதிதாக 404 உண்டாக்குவோம். பாதையின் மேல் கையொப்பம் போட்டு லிங்க் கொடுக்கிற ஆப்களும் உண்டு. பைட் மாறினால் கையொப்பம் பொருந்தாது.

இன்னொன்று, 0.8.1-லிருந்து 0.8.2-க்குப் போவது ரஸ்ட்டின் பேக்கேஜ் கருவியான கார்கோ கணக்கில் ஒத்துப்போகிற மாற்றம். கார்கோ அப்டேட் கொடுத்தவுடன் தானாக வந்துவிடும். அப்படி வருகிற பதிப்பில் இது மாதிரி நடத்தை மாறினால், யாரோ ஒருவருடைய லிங்க்குகள் அன்றிரவே வேறு மாதிரி நடக்கும், அவருக்குக் காரணமே தெரியாது. புதிய வசதியைச் சேர்த்தால் வேண்டாதவர் தொடாமல் போவார். டீஃபால்ட்டை மாற்றுகிற ‘ஃபிக்ஸ்’ கேட்காதவர் வீட்டுக்கும் போகும்.

---

பூதப்பாண்டி_போஸ்ட்கிரெஸ் எழுதியது:

வடசேரித் தம்பி, பிரேம்வொர்க்கை விடு. முதலில் உன் டேபிளைப் பார். ஊர்ப் பட்டியல் எங்கிருந்து வந்தது? பழைய பாமினி எழுத்துரு ஃபைலை யூனிகோடாக மாற்றினீர்களா?

---

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

ஆமாம் அண்ணாச்சி. பழைய பட்டியல் பாமினியில்தான் இருந்தது. ஒரு ஸ்கிரிப்ட் வைத்து மாற்றினோம்.

---

பூதப்பாண்டி_போஸ்ட்கிரெஸ் எழுதியது:

அங்கேதான் இருக்கிறது. பாமினியில் கோ என்பது மூன்று தட்டு: இரட்டைக்கொம்பு, க, துணைக்கால். எளிமையாக எழுதிய மாற்றி கொம்பைத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைக்கும், காலை அப்படியே விட்டுவிடும். யூனிகோடில் ஓகாரக் குறிக்குத் தனி இடம் உண்டு. ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் அடுத்தடுத்து வந்தாலும் அதற்குச் சமம் என்றுதான் யூனிகோடு சொல்கிறது. திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் தெரியாது. ரஸ்ட்டும் போஸ்ட்கிரெஸும் பைட்டை ஒப்பிடுவதால் அவற்றுக்கு இரண்டும் வேறு வேறு.

நீயே எண்ணிப் பார். கோவளம் என்பதைப் போன் கீபோர்டில் அடித்தால் க, ஓகாரக் குறி, வ, ள, ம, புள்ளி என்று ஆறு குறியீடு. தமிழில் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-ல் 3 பைட், ஆக ரஸ்ட்டில் லென் (பைட் நீளம்) கேட்டால் 18. உன் டேபிளில் இருப்பதைக் கேள், 21 வரும். குளச்சலில் ஒகரமும் இல்லை ஓகாரமும் இல்லை, அதனால் தப்பித்தது. பட்டியலில் தட்டினால் திறப்பதற்கும் இதுதான் காரணம். அந்த லிங்க் டேபிளில் உள்ள 21 பைட்டிலிருந்தே உருவாகிறது.

போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. டேட்டாபேஸ் யூடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். ஒரு அப்டேட் போட்டால் பட்டியல் முழுதும் என்எஃப்சி ஆகிவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று பார்: யாராவது கோவளம் இல்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தால் இரண்டு கோவளம் இருக்கும். யூனிக் கட்டுப்பாடு இருந்தால் அப்டேட் அங்கேயே முறியும். அப்படி முறிந்தால் நல்லது. கட்டுப்பாடு இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு வரி உட்கார்ந்துகொண்டு கணக்கு இரண்டாகப் பிரியும். முதலில் இரண்டின் ரசீதுகளையும் ஒன்றாக்கு, பிறகு அப்டேட். கடைசியில், பெயர் என்எஃப்சி ஆக இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று டேபிளின் அந்த நெடுவரிசைக்கு (column) ஒரு செக் போட்டுவிடு. அதற்கும் ‘இஸ் நார்மலைஸ்டு’ என்று தயாராக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஔகாரம் வருகிற பெயரில் ஒற்றைக்கொம்பும் ள என்ற எழுத்தும் அடித்து வைப்பவர்கள் நிறைய. அதை என்எஃப்சி சரி செய்யாது, ஏனென்றால் ள வேறு எழுத்து, ஔகாரத்தின் வால் வேறு குறி. ஆள்பெயர்ப் பட்டியலில் இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

---

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

லென் கேட்டேன் அண்ணாச்சி. 21-தான். மிக்க நன்றி.

ஆனால் டேபிளைத் திருத்திவிட்டால் இன்னொரு பக்கம் உடையும். ஏலக்காரர்கள் தங்கள் ஊர்ப் பக்கத்து லிங்க்கை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, பின் செய்து வைத்திருக்கிறார்கள். அவை எல்லாம் பிரிந்த வடிவம். திருத்திய மறுநாள் அத்தனையும் 404 ஆகும். நீரோடியில் இருப்பவரிடம் போய் பழைய லிங்க்கை அழியுங்கள் என்று சொல்ல முடியாது.

---

தக்கலை_தம்பி எழுதியது:

அப்படியென்றால் எக்ஸ்ட்ராக்டர்! மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதை வைத்து யோசித்தேன். முகவரியைத் தொடவே வேண்டாம். பாத் எக்ஸ்ட்ராக்டரை உள்ளே கூப்பிட்டு, அது டீகோட் செய்து தருகிற ஸ்டிரிங்கை என்எஃப்சி ஆக்கி ஹேண்ட்லருக்குக் கொடுக்கிற ஒரு சின்ன டைப். ஃப்ரம் ரிக்வஸ்ட் பார்ட்ஸ் என்ற டிரெய்ட்டை அதற்கு எழுதினால் போதும். 0.8-ல் அதற்கு அசிங்க்-டிரெய்ட் மேக்ரோகூட வேண்டாம், ரஸ்ட் 1.75-லிருந்து டிரெய்ட்டுக்குள் அசிங்க் ஃபங்ஷன் நேரடியாக எழுதலாம். நார்மலைசேஷன் ரஸ்ட்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இல்லை, யூனிகோடு-நார்மலைசேஷன் கிரேட் (crate, ரஸ்ட் லைப்ரரி) சேர்த்தேன்.

ஊர்ப் பக்கத்து ஹேண்ட்லரில் மட்டும் பழைய பாத் இருந்த இடத்தில் இதைப் போடுங்கள். சர்வ்டிர் பக்கம் தொடப்படாது. பழைய வாட்ஸ்அப் லிங்க்கும் திறக்கும், புதிதாக டைப் செய்வதும் திறக்கும்.

---

மார்த்தாண்டம்_பின்முனை எழுதியது:

அருமை தம்பி. இதுதான் சரியான இடம். பெயர் என்று எங்கே அர்த்தம் கிடைக்கிறதோ அங்கே மட்டும் சீர் செய்கிறாய். ரவுட்டருக்கு அது ஊர்ப்பெயரா, ஃபைல் பெயரா, டோக்கனா என்று தெரியாது. தெரியாத ஒன்றை அது மாற்றக் கூடாது.

டெஸ்ட் எழுதும்போது ஒரு கவனம். இரண்டு வடிவத்தையும் எடிட்டரில் அப்படியே தமிழில் டைப் செய்யாதே. கண்ணுக்கு ஒன்றாக இருப்பதால் அடுத்தவர் ஒட்டி வெட்டும்போது ஒரு வடிவம் மற்றதாக மாறிவிடலாம், டெஸ்ட் எதையும் சோதிக்காமலே பச்சை காட்டும். ரஸ்ட் கம்பைலர் வேரியபிள் பெயர்களைத்தான் என்எஃப்சி ஆக்கி ஒப்பிடும், மேற்கோளுக்குள் இருக்கிற ஸ்டிரிங்கைத் தொடாது. அதனால் பிரிந்த வடிவத்தை யூனிகோடு எண்ணாகவே எஸ்கேப்பில் எழுது. போர்ட் திறந்து சர்வர் ஓட்டவும் வேண்டாம், டவரின் ஒன்ஷாட் வைத்து ரவுட்டருக்கு நேராக ரிக்வஸ்ட் கொடுக்கலாம்.

---

குளச்சல்_அலை எழுதியது:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலேயே இந்த ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கரையில் என்ன நடக்கிறது என்று பார்த்தே சொல்கிறேன்.

காலையில் வள்ளங்கள் ஒன்றாக வந்து அணையும். ஏலம் முடிந்த கையோடு எல்லாரும் ஒரே நேரத்தில் படம் ஏற்றுவார்கள். சிக்னல் இரண்டு கோடு, சில நேரம் ஒன்று. ஈரக் கையால் போனைப் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டத்தைப் பார்த்து நிற்பார்கள். படம் நின்றுபோகவில்லை, மெதுவாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் சர்வர்தான் பொறுமை இழந்து வெட்டிவிடுகிறது.

முதலில் 413. ஆக்ஸமில் பாடிக்கு (ரிக்வஸ்ட்டில் வருகிற உள்ளடக்கத்துக்கு) டீஃபால்ட் வரம்பு 2 எம்பி. இப்போதைய போனில் ஒரு படமே அதைத் தாண்டும். வரம்பை மொத்தமாக எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆரம்பத்தில் ஆக்ஸமில் வரம்பே இல்லாமல் இருந்து, யார் வேண்டுமானாலும் முடிவில்லாத பாடியை அனுப்பி மெமரியை நிரப்பலாம் என்று 2022-ல் பாதுகாப்பு அறிவிப்பு வந்த பிறகுதான் இந்த வரம்பு வந்தது. படம் ஏற்றுகிற ஒரு ரவுட்டுக்கு மட்டும் உயர்த்துங்கள், மற்றவை அப்படியே இருக்கட்டும். போன் பக்கம் படத்தைச் சிறிதாக்கி அனுப்புவது இன்னும் நல்லது. கரையில் இருப்பவருக்கு டேட்டாவும் மிச்சம்.

முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருந்தால் அதற்கும் தனி வரம்பு உண்டு, சொல்லாவிட்டால் 1 எம்பி. 413 யார் சொல்கிறார்கள் என்று பதிலின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். அடியில் என்ஜின்எக்ஸ் என்று பெயர் போட்ட பக்கம் வந்தால் ஆக்ஸமைத் திட்டிப் பயன் இல்லை.

அப்புறம் 408. டவர்-ஹெச்டிடிபியின் டைம்அவுட் லேயர் போட்டிருப்பீர்கள். அது ஹேண்ட்லர் தொடங்கியதிலிருந்து முடிகிற வரை மொத்த நேரத்தை அளக்கும். ஹேண்ட்லர் படத்தை வாங்கிக்கொண்டிருக்கிற நேரமும் அதில் சேரும். 30 வினாடி வைத்தால், ஒழுங்காக வந்துகொண்டிருக்கிற படத்தையும் 30-ல் வெட்டும். அதே கிரேட்டில் ரிக்வஸ்ட் பாடிக்கென்று தனி டைம்அவுட் லேயர் இருக்கிறது. அது ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று மட்டும் பார்க்கும். அப்லோடு ரவுட்டில் மொத்த நேர வரம்பைத் தாராளமாக்கி, இந்தத் துண்டு வரம்பைக் கறாராக வையுங்கள். மெதுவாக வருகிறவர் பிழைப்பார், தொடர்பே அறுந்தவர் மட்டும் வெளியேறுவார்.

---

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

அக்கா, முன்னால் என்ஜின்எக்ஸ் இல்லை. டைம்அவுட் லேயர் நீங்கள் சொன்ன மாதிரியேதான் முழு ரவுட்டருக்கும் போட்டிருக்கிறது. மாற்றுகிறோம்.

ரசீது பதிவாகி மொத்தம் சேராத விஷயம்தான் இன்னும் புரியவில்லை. லாகில் எர்ரர் எதுவும் இல்லை. பானிக்கும் இல்லை.

---

மார்த்தாண்டம்_பின்முனை எழுதியது:

எர்ரர் இருக்காது. ஹேண்ட்லர் தோற்கவில்லை, நடுவழியில் கைவிடப்பட்டது.

ரஸ்ட்டில் அசிங்க் ஃபங்ஷன் என்பது ஒரு ஃப்யூச்சர். யாராவது அதைத் தொடர்ந்து தட்டிக் கேட்டால்தான் (poll) அது நகரும். கரையில் சிக்னல் போய் கனெக்ஷன் அறுந்ததும், ஆக்ஸமுக்கு அடியில் இருக்கிற ஹைப்பர் என்ற ஹெச்டிடிபி லைப்ரரி அந்த ஹேண்ட்லரின் ஃப்யூச்சரை டிராப் செய்துவிடும். எந்த அவெய்ட்டில் நின்றிருந்ததோ அதற்கு அடுத்த வரி ஓடவே ஓடாது. உன் ஹேண்ட்லரில் ரசீதைச் சேர்க்கிற இன்சர்ட்டுக்கு ஒரு அவெய்ட், மொத்தத்தை மாற்றுகிற அப்டேட்டுக்கு இன்னொரு அவெய்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் தொடர்பு அறுந்தால் நீ பார்த்ததுதான் நடக்கும். டைம்அவுட் லேயர் வெட்டும்போதும் இதே கதைதான். உள்ளே இருக்கிற ஃப்யூச்சர் டிராப் ஆகும்.

இது ஆக்ஸமில் பிழை இல்லை. ஆள் போய்விட்ட பிறகும் வேலையைத் தொடர்ந்தால் சர்வர் வீணாகச் சுமக்கும் என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் பணக் கணக்கு எழுதுகிற ஹேண்ட்லரில் ஒவ்வொரு அவெய்ட்டையும், இந்த இடத்தோடு எல்லாம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு எழுத வேண்டும்.

தீர்வு எளிது. இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வை. எஸ்க்யூஎல்எக்ஸ் டேட்டாபேஸ் லைப்ரரியில் கமிட் ஆகாமல் டிரான்சாக்ஷன் டிராப் ஆனால் ரோல்பேக் (எல்லாம் பழையபடி) ஆகிவிடும். ரசீது இருந்தால் மொத்தமும் இருக்கும், இல்லையென்றால் இரண்டும் இருக்காது. கமிட்டுக்குப் பிறகு குறுஞ்செய்தி அனுப்புவது மாதிரி வேலை இருந்தால் அதை டோக்கியோ ஸ்பானில் தனி டாஸ்க்காக விடு, அது கனெக்ஷனோடு சேர்ந்து சாகாது.

---

குளச்சல்_அலை எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கமிட் ஆகி, பதில் போனுக்குப் போய்ச் சேர்வதற்குள் சிக்னல் அறுந்தால்? ஏலக்காரருக்குத் தோல்வி என்று காட்டும், அவர் மறுபடியும் ஏற்றுவார். ஒரே ரசீது இரண்டு முறை விழும். போனிலேயே ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்புங்கள், டேபிளில் அதற்கு யூனிக் போடுங்கள். இரண்டாம் முறை வந்தால் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று நல்ல பதிலே கொடுங்கள். எர்ரர் காட்டாதீர்கள். அவர் மூன்றாவது முறையும் முயன்றுகொண்டிருப்பார்.

---

பூதப்பாண்டி_போஸ்ட்கிரெஸ் எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே செய். மொத்தத்தைத் தனி நெடுவரிசையாக வைக்காமல் ரசீதுகளிலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டி எடுத்தால் இன்னும் நிம்மதி. ஒரு ஊருக்கு ஒரு நாளில் விழுகிற ரசீதுக்கு போஸ்ட்கிரெஸ் திணறாது.

---

தக்கலை_தம்பி எழுதியது:

ஃபைல் பெயர் 500 பற்றி யாரும் சொல்லவில்லையே? நான் பார்த்தது: ஹெடரில் (பதிலின் தலைப்பு வரியில்) வைக்கிற மதிப்பை ஸ்டிரிங்கிலிருந்து உருவாக்கும்போது ஆங்கில எழுத்து, எண், குறிகளை மட்டும்தான் ஏற்கும் என்று ஹெச்டிடிபி கிரேட்டின் ஆவணம் சொல்கிறது. ஹெடர் மதிப்பில் எர்ரர் வந்தால் ஆக்ஸம் அதை 500 ஆக்கிவிடும். பைட்டாகக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறது. நேராக யூடிஎஃப்-8 பைட்டை வைத்துப் பார்த்தேன், என் பிரவுசரில் தமிழ்ப் பெயரோடு இறங்கியது. இப்படியே விடலாமா?

---

மார்த்தாண்டம்_பின்முனை எழுதியது:

விடக் கூடாது. உன் பிரவுசர் ஊகித்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்னொரு போனில் எழுத்து சிதறும்.

இதற்கு முறையான வழி இருக்கிறது. டவுன்லோடு ஹெடரில் ஃபைல்நேம் என்பதோடு, பின்னால் நட்சத்திரக் குறி போட்ட இன்னொரு ஃபைல்நேமும் வைக்கலாம் என்கிறது ஆர்எஃப்சி 6266 என்ற இணையத் தர ஆவணம். நட்சத்திரம் போட்டதில் யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டு, இரண்டு ஒற்றை மேற்கோளுக்குப் பிறகு பெயரைப் பர்சன்ட் என்கோடிங்கில் எழுதுவது. அந்த எழுதும் முறையை ஆர்எஃப்சி 8187 சொல்கிறது. ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகும், கோவளம் மட்டும் 54 எழுத்து. நட்சத்திரம் இல்லாததில் ஆங்கில எழுத்தில் ஒரு மாற்றுப் பெயர். புரிந்த பிரவுசர் தமிழை எடுக்கும், புரியாதது மாற்றுப் பெயரை எடுக்கும். ஹெடர் முழுதும் ஆங்கிலக் குறிகளாகவே இருப்பதால் 500-உம் வராது.

இதைப் பார்த்துவிட்டு அப்லோடு பக்கமும் நட்சத்திரத்தை வைத்துவிடாதே. மல்டிபார்ட் ஃபார்முக்கு ஆர்எஃப்சி 7578 அதைத் தடை செய்கிறது. அங்கே பிரவுசர் யூடிஎஃப்-8 பெயரை நேராகவே அனுப்பும். அப்படி வருகிற பெயரை டிஸ்க்கில் பாதையாக ஒருபோதும் பயன்படுத்தாதே. நீயே ஒரு எண் கொடுத்துச் சேமி, வந்த பெயரைக் காட்டுவதற்கு மட்டும் டேபிளில் வை.

---

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

அப்படியானால் ஆக்ஸமை ஃபோர்க் செய்ய வேண்டிய தேவையே இல்லை என்று ஆகிறது. ஆனாலும் எனக்கு ஒன்று மேலே போக வேண்டும் என்று ஆசை. நமக்குப் புரிந்ததை நமக்குள்ளேயே வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. எதை அனுப்பலாம், எப்படி அனுப்பலாம்?

---

மார்த்தாண்டம்_பின்முனை எழுதியது:

என் கணிப்பு இது. என்எஃப்சி எக்ஸ்ட்ராக்டரைத் தனிக் கிரேட்டாக வெளியிடுங்கள். ஆக்ஸமுக்குள் போனால் யூனிகோடு அட்டவணை சுமக்கிற ஒரு டிபென்டன்சி எல்லாருக்கும் ஏறும். ஆக்ஸம்-எக்ஸ்ட்ரா என்ற துணைக் கிரேட்டில், வேண்டியவர் மட்டும் இயக்குகிற ஃபீச்சர் ஃபிளாகுக்குப் பின்னால் வைக்கலாம் என்று வாதாடலாம், ஆனால் முதலில் வெளியே சிலர் பயன்படுத்திப் பார்க்கட்டும். டவர், ஆக்ஸம் இரண்டும் டிரெய்ட்டுகளை வெளியே திறந்து வைத்திருப்பதே இதற்காகத்தான்.

தமிழ்ப் பெயரோடு டவுன்லோடு தருகிற வசதி எல்லா மொழிக்காரர்களுக்கும் வேண்டியது. அதை மேலே கொண்டு போகலாம். ஆனால் நேராக பிஆர் போடாதீர்கள். ஏற்கெனவே திறந்த இஷ்யூ, மூடிய இஷ்யூ, பிஆர் எல்லாவற்றிலும் தேடுங்கள். யாராவது பாதி வேலை செய்து வைத்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு இஷ்யூ திறந்து, சிக்கலைக் காட்டுகிற மிகச் சிறிய நிரலை ஒட்டி, இதற்கு பிஆர் வரவேற்கப்படுமா என்று கேளுங்கள். மெயின் கிளையில் அடுத்த பெரிய பதிப்புக்கான மாற்றங்கள் இருக்கும், வெளியான பதிப்புக்குத் தனிக் கிளை இருக்கும். உங்கள் ஆப்பில் சோதிக்க கார்கோ ஃபைலில் பேட்ச் பகுதி போட்டு உங்கள் கிளையைச் சுட்டினால் போதும், மற்ற எதையும் மாற்ற வேண்டாம்.

பிஆரில் முதல் கமிட் தோற்கிற டெஸ்ட், அடுத்தது திருத்தம். சேஞ்ச்லாகில் ஒரு வரி. ஃபார்மேட், கிளிப்பி (கோடில் குறை காட்டுகிற கருவி) இரண்டையும் ஓட்டுங்கள். வழியில் கண்ணில் பட்ட வேறு எதையும் அதே பிஆரில் திருத்தாதீர்கள்.

இன்னொன்றையும் மனதார சொல்கிறேன். மறுபக்கம் இருப்பவர்கள் நம்மைப் போலவே வேலை நேரம் போக இதைச் செய்கிறவர்கள். 2020 ஜனவரியில் இன்னொரு ரஸ்ட் பிரேம்வொர்க்கான ஆக்டிக்ஸ் வெப்பை உருவாக்கியவர், அன்சேஃப் கோடு (கம்பைலரின் பாதுகாப்புச் சோதனையைத் தளர்த்தி எழுதுவது) பற்றிய விவாதம் வசையாக மாறியதில் மனம் வெறுத்து விலகினார். பிறகு வேறொருவர் பொறுப்பேற்றதால்தான் அது இன்றும் ஓடுகிறது. அன்றைக்கு எழுப்பிய தொழில்நுட்பக் கேள்வியில் நியாயம் இருந்தது, கேட்ட விதத்தில் இல்லை. உங்கள் இஷ்யூவுக்குப் பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள்.

---

தக்கலை_தம்பி எழுதியது:

டவுன்லோடு ஹெடர் ஃபங்ஷனை நான் எழுதுகிறேன் அண்ணே. எக்ஸ்ட்ராக்டர் கிரேட்டுக்கும் டெஸ்ட் சேர்த்துவிடுகிறேன். ஆவணத்தில் எடுத்துக்காட்டாக நீரோடியையும் கொட்டில்பாட்டையும் வைக்கலாமா? ஓகாரம் ஒன்று, ஒகரம் ஒன்று, இரண்டும் வந்துவிடும்.

---

குளச்சல்_அலை எழுதியது:

தாராளமாக வை தம்பி.

வடசேரி, மாற்றத்தை எப்போது ஏற்றப் போகிறீர்கள்? மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது குளச்சல் பக்கம் கூட்டம் குறைவு. ஆனால் சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு, அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஓய்வாக இருப்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். வள்ளங்கள் அப்போதும் போகும், அதனால் சர்வரை நிறுத்தும்போது ஓடிக்கொண்டிருக்கிற அப்லோடு முடிகிற வரை காத்திருக்கிற மாதிரி கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் வைத்து மாற்றுங்கள்.

---

வடசேரி_ரஸ்ட் எழுதியது:

அக்கா, ஜூன் முதல் வாரமே வைத்துக்கொள்கிறோம். டிரான்சாக்ஷனையும் ரசீது அடையாள எண்ணையும் மட்டும் அதுவரை தள்ளிப்போட மாட்டோம். அது பணம். இந்த வாரமே ஏற்றுகிறோம். ஏற்கெனவே சேராமல் விட்ட தொகைகளை ரசீதுகளிலிருந்து கூட்டி ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள வள்ளக்காரர்களுக்கு நாங்களே நேரில் போய்ச் சொல்கிறோம்.

டேபிள் திருத்தம், எக்ஸ்ட்ராக்டர், டைம்அவுட் மாற்றம் மூன்றும் ஜூனில். தம்பியின் டவுன்லோடு ஃபங்ஷன் எங்களிடம் ஓடி நிலைத்த பிறகு அதை வைத்து ஆக்ஸமில் இஷ்யூ திறக்கிறேன். அதன் லிங்க்கை இங்கே போடுகிறேன்.

அண்ணாச்சி, இரண்டு கோவளம் இருக்கிறதா என்று தேடினேன். கோவளம் ஒன்றுதான். ஆனால் கோடிமுனை இரண்டு இருக்கிறது, இரண்டிலும் ரசீது விழுந்திருக்கிறது.

---

பூதப்பாண்டி_போஸ்ட்கிரெஸ் எழுதியது:

நினைத்தேன். அப்டேட் போடாதே, பொறு. அந்த இரண்டு வரியையும் அவற்றைச் சுட்டுகிற டேபிள்களின் பட்டியலையும் ஆள்பெயர், தொகை நீக்கிவிட்டு இங்கே போடு. ஒன்றாக்குகிற வரிசையை எழுதித் தருகிறேன், முதலில் பேக்கப்பில் ஓட்டிப் பார்.